வீட்டுத் தொலைக்காட்சியும் பாதுகாப்பு எச்சரிக்கைகளும்

(பர்லியாரில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் விளைகிற இந்தப் பர்லியாரில், 1871-ஆம் ஆண்டு முதல் சர்க்காரின் பழப்பண்ணை இருந்துவரும் இந்த மலைச்சரிவில், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, இது நகரவாசிகளுக்கு உரிய விஷயமாயிற்றே என்று நான் எண்ணவில்லை. குன்னூர் மலைப்பாதையின் ஓரத்திலுள்ள வீடுகளிலும், மேலே எஸ்டேட் லைன்களிலும், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டேக்களிலும் இன்று சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் ஸ்மார்ட் டிவிதான். சென்னையிலும் மும்பையிலும் உள்ள வீட்டாருக்கு எழுதப்படும் எச்சரிக்கை அதே அளவில் உங்களுக்கும் பொருந்துகிறது.

எச்சரிக்கை என்பது இந்த ஊராருக்குப் புதிய சங்கதி அன்று. பலாப்பழக் காலத்தில், மேலிருந்து இறங்கி வரும் பஸ்ஸின் டிரைவர் ‘யானை நிற்கிறது’ என்று சொன்னால், அதைக் கேட்டு நீங்கள் கடையை மூடிவிட்டு ஓடுவதில்லை. ‘எங்கள் காலத்தில் பார்க்காத யானையா’ என்று அலட்சியமாக நடந்து போவதும் இல்லை. எந்த வளைவில் நிற்கிறது, எத்தனை மணிக்குப் பார்த்தீர், தனி யானையா, குட்டியோடு வந்த கூட்டமா என்று விசாரித்து, அந்த விடைகளைக் கொண்டு, போகலாமா, சற்றுப் பொறுக்கலாமா என்று முடிவு செய்கிறீர்கள். தொலைக்காட்சி பற்றிய எச்சரிக்கையையும் அவ்வாறே விசாரித்து அறிய வேண்டும் என்பதுதான் இன்று நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம். மற்றவையெல்லாம் அதற்கு விளக்கமே.

முதலில், பெட்டி எவ்வாறு மாறியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்புத் தொடங்கிய 1975-ஆம் ஆண்டிலிருந்து, தமிழக சர்க்கார் வீடுதோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கிய 2006-ஆம் ஆண்டு வரையிலும், அதற்குப் பின்னும் சில காலம், நம் வீடுகளில் இருந்த பெட்டி வாங்கிக் காட்டுவதற்கு மட்டுமே தெரிந்த யந்திரமாக இருந்தது. ஒளிபரப்பு நிலையத்திலிருந்து வந்ததை அது காட்டியது. நீங்கள் எந்த அலைவரிசையைப் பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு அணைத்தீர்கள் என்பதைத் திருப்பி அனுப்பும் சக்தி அதற்கு இல்லை. இப்போது வருகிற ஸ்மார்ட் டிவியோ, பெரிய திரை பொருத்திய ஒரு கம்ப்யூட்டர். எல்ஜி பெட்டிகளில் வெப்ஓஎஸ், சாம்சங்கில் டைசன், வேறு பலவற்றில் ஆண்ட்ராய்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இயங்குதளம் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, வைஃபை வழியாக வெளியுலகத்தோடு பேசுகிறது, ரிமோட்டில் மைக் இருக்கிறது, உங்கள் கூகுள் கணக்கும், படம் பார்க்கச் சந்தா கட்டிய கணக்குகளும் அதில் பதிந்திருக்கின்றன. எனினும் அதைக் கம்ப்யூட்டராக எண்ணிப் பராமரிப்பவர் மிகச் சிலரே. கைப்பேசிக்கு அப்டேட் வந்தால் போடுகிற பிள்ளைகள்கூட, டிவிக்கு அப்டேட் வந்தால், படத்தின் நடுவே இடைஞ்சல் என்று ரிமோட்டை அழுத்தி அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

மனிதர் எழுதும் எந்தப் பெரிய நிரலிலும் பிழை இருக்கும். அந்தப் பிழைகளில் சில, உரிமை இல்லாத ஒருவர் உள்ளே நுழைந்து கட்டளையிட இடங்கொடுப்பவையாக அமைந்துவிடுகின்றன. அவற்றையே பாதுகாப்புக் குறைபாடுகள் என்கிறோம். நல்லெண்ணமுள்ள ஆராய்ச்சியாளர் ஒருவர் அத்தகைய குறைபாட்டைக் கண்டால், முதலில் உற்பத்தியாளருக்கு அந்தரங்கமாகத் தெரிவித்து, திருத்தம் தயாராவதற்குச் சில மாத அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகே உலகறியப் பிரசுரிப்பது வழக்கம். எனவே நாளிதழில் நாம் படிக்கும் எச்சரிக்கை பெரும்பாலும் திருத்தம் வெளிவந்த பிறகே வருகிறது. இந்த உண்மையை அறியாததனால் எத்தனையோ பேர் வீணாகக் கலங்குகிறார்கள்; அதே அறியாமையால், திருத்தத்தைப் போடாமலே இருந்துவிடுகிறவர்கள் அதைவிட அதிகம்.

உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். ருமேனியா நாட்டில் தோன்றிய பிட்டிஃபெண்டர் என்னும் பாதுகாப்பு ஸ்தாபனத்தார், எல்ஜி தொலைக்காட்சிகளில் நான்கு குறைபாடுகளைக் கண்டு, 2023 நவம்பர் 1-ஆம் தேதி அந்தக் கம்பெனிக்கு அறிவித்தார்கள். 2024 மார்ச் 22-இல் எல்ஜி திருத்தத்தை வெளியிட்டது. ஏப்ரல் 9-ஆம் தேதி விவரங்கள் உலகிற்கு வெளிப்பட்டன. வெப்ஓஎஸ்ஸின் நான்காம் பதிப்பு முதல் ஏழாம் பதிப்பு வரை பாதிக்கப்பட்டிருந்தன. கைப்பேசியை ரிமோட்போல உபயோகிப்பதற்காக எல்ஜி தன் பெட்டிக்குள் ஒரு சேவையை இயங்க வைத்திருக்கிறது. 3000, 3001 என்ற எண்ணுள்ள போர்ட்டுகளில், அதாவது வலைத்தொடர்புக்கான வாயில்களில், அது காத்திருக்கிறது. புதிய கைப்பேசி ஒன்று சேர வேண்டுமானால், டிவித் திரையில் தோன்றும் பின் எண்ணைக் கைப்பேசியில் இட வேண்டும் என்பது ஏற்பாடு. நிரலில் இருந்த ஒரு தவற்றினால், அந்தப் பின் எண்ணைக் கேட்காமலேயே, வீட்டாரின் சம்மதம் இல்லாமலேயே, அதிகாரம் மிகுந்த ஒரு பயனராகத் தன்னைச் சேர்த்துக்கொள்ள அந்நியருக்கு வழி கிடைத்தது. இது முதற் குறைபாடு. மற்ற மூன்றும், அவ்வாறு உள்ளே வந்தவர் பெட்டியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றி, தாம் விரும்பிய கட்டளைகளை ஓட்டுவதற்கு இடங்கொடுத்தன. அவற்றுள் ஒன்று, பாட்டு ஒலிக்கும்போது திரையில் பாடல் வரிகளைக் காட்டுவதற்காக வைத்திருந்த சிறு நிரலில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. நமக்கு வசதியாகத் தோன்றுகிற ஒவ்வொரு சிறு சேவையும் இன்னொரு வாயிலாகிறது.

இனி, இந்த எச்சரிக்கையை விசாரித்துப் பார்ப்போம். நாலு குறைபாடுகளில் மூன்றுக்குப் பத்துக்கு 9.1 என்ற தீவிர மதிப்பெண் அளிக்கப்பட்டது. அந்த எண்ணைத் தலைப்பிலே கண்டவர்கள் நடுங்கினார்கள். ஆனால் அந்த மதிப்பெண், குறைபாடு எவ்வளவு கொடியது என்பதைக் காட்டுமேயன்றி, உங்கள் வீட்டுப் பெட்டிக்கு அது நேருமா என்பதைக் காட்டுவதன்று. அந்தச் சேவை வீட்டு வலைக்குள் மட்டுமே உபயோகப்பட வேண்டும் என்று அமைக்கப்பட்டது. உங்கள் வீட்டு ரௌட்டர், நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைச் சாதாரணமாக உள்ளே அனுமதிப்பதில்லை. ஆகவே அந்நியர் ஒருவர் அந்த டிவியைத் தாக்க வேண்டுமானால், உங்கள் வைஃபைக்குள் அவர் ஏற்கெனவே இருக்க வேண்டும். அல்லது அந்தப் பெட்டியின் போர்ட் இணையத்தை நோக்கித் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது நிலையில் இருந்த பெட்டிகள் உலகெங்கும் 91,000-க்கும் மேல் என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிக் கண்டார்கள். ரௌட்டரில் யூபிஎன்பி என்றொரு வசதி உண்டு. வீட்டுச் சாதனங்கள் தாமாகவே வெளிக்கதவைத் திறந்துகொள்ள அது அனுமதிக்கிறது. தெரியாமலே கதவு திறந்து கிடக்கும் வீடுகள் உருவாவதற்கு அது ஒரு காரணம்.

எந்த மாடல், எந்தப் பதிப்பு. நுழைபவர் எங்கே இருக்க வேண்டும். அவர் நுழைந்தால் நேர்வது என்ன. திருத்தம் வந்துவிட்டதா — ஓர் எச்சரிக்கையைப் படிக்கும்போது இவற்றைத் தேடுங்கள். இந்த விவரங்களில் ஒன்றுமே இல்லாமல், ‘உங்கள் டிவி உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை எச்சரிக்கை என்றே கொள்ள வேண்டாம்.

இவ்வாறு விசாரிப்பதனால் வருகிற நன்மைக்கு மற்றொரு சான்றும் கூறுவேன். 2017 மார்ச் 7-ஆம் தேதி விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்க உளவுத்துறை ஆவணங்களில் ‘வீப்பிங் ஏஞ்சல்’ என்னும் ஒரு கருவி இருந்தது. சாம்சங் டிவியை அணைத்துவிட்டதுபோலக் காட்டி, உள்ளே மைக்கை மட்டும் விழித்திருக்க வைத்து, அறையில் நடக்கும் சம்பாஷணையைப் பதிவு செய்வது அதன் வேலை. உலகமெங்கும் பெரும் பீதி எழுந்தது. ஆனால் ஆவணத்தை நிதானமாகப் படித்தவர்கள், அது எஃப்8000 என்னும் 2013-ஆம் ஆண்டு மாடலைக் குறித்தது என்றும், யாரேனும் ஒருவர் வீட்டுக்குள் வந்து யுஎஸ்பி வழியாகக் கையால் அதை ஏற்ற வேண்டும் என்றும் கண்டார்கள். ஒரு ராஜதந்திரிக்கு அது பெரிய அபாயம். ஒரு மிளகுத்தோட்டக்காரருக்கு அன்று. அபாயம் உண்மையானதாக இருக்கலாம். அது யாருக்கு என்பதே கேள்வி.

அப்படியானால் நம் நாட்டு மக்களுக்கு, நம்மைப் போன்ற சாமானியக் குடும்பங்களுக்கு நேர்ந்த அபாயம் எது? இங்கேதான் நான் சற்று நேரம் எடுத்துக்கொண்டு பேச அனுமதி கோருகிறேன். ஏனெனில் பெரிய கம்பெனிகளின் பெயர் அடிபடும் எச்சரிக்கைகள் நமக்கு உரக்கக் கேட்கின்றன. நம் வீட்டைத் தொட்ட எச்சரிக்கையோ நம் காதில் விழவே இல்லை.

2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்னும் ரஷ்யப் பாதுகாப்பு ஸ்தாபனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்களுக்குள் ஒரு தீநிரல் குடியேறியிருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டது. ‘வோய்ட்’ என்று அதற்குப் பெயர். ஆண்ட்ராய்டில் ‘வோல்ட்’ என்று ஒரு நியாயமான நிரல் உண்டு. அதன் பெயரில் ஒரே ஓர் ஆங்கில எழுத்தை எடுத்துவிட்டு, பார்ப்பதற்கு அதே உருவமாயுள்ள 1 என்ற எண்ணை இட்டு, சோதனை செய்பவர் கண்ணையும் ஏமாற்றும்படி தீயவர்கள் அதை அமைத்திருந்தார்கள். சில மாதங்கள் கழித்து, 2025-இன் தொடக்கத்தில், சீனாவின் எக்ஸ்லேப் ஆராய்ச்சிக்கூடத்தார் அதே தீநிரலின் புதிய வடிவத்தைப் பின்தொடர்ந்து சென்று, ஒரு கட்டத்தில் உலகெங்கும் சுமார் 15 லட்சத்து 90 ஆயிரம் பெட்டிகள் அதன் பிடியில் இருந்ததைக் கண்டார்கள். அவர்கள் கணக்கில் நம்மைத் திடுக்கிட வைப்பது இந்தியாவின் கணக்கு: 3,901 பெட்டிகள், அதாவது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றிருந்தது, பிப்ரவரி இறுதிக்குள் 2,17,771 ஆகி, உலக மொத்தத்தில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் ஏறிவிட்டது. இவ்வாறு ஒரு நாட்டின் எண்ணிக்கை திடீரென்று ஏறுவதும் இறங்குவதும் ஏன் என்பதற்கு அந்த ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஊகம் இது: பிடிபட்ட பெட்டிகளின் கூட்டத்தை அதன் எஜமானர்கள் வேறு குற்றவாளிகளுக்குக் காலவாடகைக்கு விட்டுத் திரும்பப் பெறுகிறார்கள். நம் வீட்டு மின்சாரமும், நாம் பணம் கட்டிய இணைப்பும், நாம் அறியாமலே வாடகைக்குப் போகின்றன.

இந்தப் பெட்டிகள் எவை? பழைய டிவியின் ஹெச்டிஎம்ஐ வாயிலில் செருகினால் அதையும் ஸ்மார்ட் டிவியாக்கிவிடும் சிறு பாக்ஸ்கள். பெயர் தெரியாத உற்பத்தியாளர்கள் செய்தவை. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலைத் தாமே எடுத்து ஏற்றியவை அவை. கூகுளின் பிளே புரொடெக்ட் சான்று பெற்றவை அல்ல என்று கூகுளே பின்னர் அறிவித்தது. சிலவற்றில் 12.1 என்று பதிப்பு எழுதியிருக்கும். வேறு சிலவற்றில் 7.1.2 என்ற மிகப் பழைய பதிப்பே இருக்கும். தீநிரல் எவ்வாறு உள்ளே வந்தது என்பதை டாக்டர் வெப் திட்டவட்டமாகக் கூறவில்லை. ஆனால் இதே வகையான வேறொரு சம்பவத்தில் வழி தெளிவாகிவிட்டது. கானடாவில் டேனியல் மிலிசிக் என்பவர் டி95 என்ற பாக்ஸ் ஒன்றை வாங்கிச் சோதித்து, கடையிலிருந்து வந்தபோதே அதன் அடிநிரலில் தீநிரல் இருந்ததை 2023 ஜனவரியில் உலகுக்குக் காட்டினார். இவ்வாறு பிடிபட்டு, பின்னர் ‘பேட்பாக்ஸ்’ என்று பெயர் பெற்ற பெட்டிகளின் பெருங்கூட்டத்தைக் குறித்து அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூன் மாதம் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதமே கூகுள் அதன் நடத்துநர்கள்மீது வழக்குத் தொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாதனங்கள் அதில் சிக்கியிருந்தன என்று அந்த வழக்கில் கூறியது. விஷம் விதையிலேயே இருக்கும்போது, பாஸ்வேர்டை எவ்வளவு கவனமாக வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

இவற்றை வாங்கியவர்களை அறிவிலிகள் என்று பேசுவது நியாயமன்று. ஒரு தேயிலைத் தொழிலாளி குடும்பத்திற்குப் புது ஸ்மார்ட் டிவி வாங்குவதென்றால் மாதக்கணக்கில் சேமிக்க வேண்டும். வீட்டில் நன்றாக வேலை செய்கிற பழைய டிவி இருக்கிறது. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயில் ஒரு பாக்ஸ், அதிலே எல்லாச் சேனலும் எல்லாப் படமும் சந்தா இல்லாமல் வரும் என்று விளம்பரம் சொல்கிறது. குழந்தைகளுக்காக வாங்குகிறார்கள். அந்தக் குறைந்த விலைக்கு ஈடாக வேறொன்று கொடுக்கப்படுகிறது என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. எஃப்பிஐயின் எச்சரிக்கை சொல்லும் அடையாளங்கள் இவை: கேள்விப்படாத பெயர், ‘திறக்கப்பட்டது’, ‘எல்லாம் இலவசம்’ என்ற விளம்பரம், பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்லுதல், ஊர்பேர் தெரியாத தளத்திலிருந்து ஆப்களை ஏற்றச் சொல்லுதல். இவற்றில் ஒன்று தெரிந்தாலே, அந்தப் பெட்டியை வைஃபையிலிருந்து விலக்கிவிடுங்கள். அடிநிரலிலேயே கேடு இருந்தால், ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் அது போவதில்லை.

பாதிக்கப்பட்ட பெட்டி படம் காட்டுவதை நிறுத்துவதில்லை. ஆதலால் வீட்டாருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பெட்டி விளம்பரங்களைத் தானே ‘பார்த்து’ யாரோ ஒருவருக்குப் பணம் சேர்க்கிறது. அதைவிடக் கொடியது மற்றொன்று: எங்கோ இருக்கும் ஒருவன் செய்யும் மோசடி உங்கள் வீட்டு இணைப்பின் வழியாகப் போகிறது. வங்கியிலோ வேறொரு தளத்திலோ அவன் செய்த குற்றத்தின் தடயத்தைப் போலீஸார் பின்பற்றி வந்தால், அந்த ஐபி முகவரி உங்கள் வீட்டைத்தான் காட்டும். ஒன்றுமறியாத ஒரு முதியவர், தம் வீட்டு இணைப்பைப் பற்றிய விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் எவ்வளவு துயரமானது என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஒரு காரணத்திற்காகவே இவ்விஷயத்தைப் பொழுதுபோக்குச் சாதனத்தின் சிறு கோளாறு என்று நான் ஒதுக்கத் தயாராக இல்லை.

வீட்டு வலைக்குள் இருப்பதால் பத்திரம் என்ற எண்ணமும் இப்போது நலிந்துவிட்டது. 2025 டிசம்பரில் வெளிப்பட்ட கிம்வுல்ஃப் என்ற கூட்டம் சுமார் 18 லட்சம் சாதனங்களைப் பிடித்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை டிவி பாக்ஸ்களே. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒரு வீட்டில் ஏற்கெனவே இருந்து, அந்நியரின் இணையப் போக்குவரத்தை அவ்வீட்டின் வழியாகக் கடத்தும் ப்ராக்ஸி நிரலைப் பிடித்துக்கொண்டு, அதே வலையிலுள்ள வேறு பெட்டிகளின் ஏடிபி என்னும் பழுதுபார்ப்போர் வாயிலுக்குள் நுழைவது அது கையாண்ட தந்திரம். ஆக, உங்கள் நல்ல டிவி நல்லதாகவே இருந்தாலும், பக்கத்தில் வைத்த மலிவான பாக்ஸ் அதற்கும் அபாயத்தைக் கொண்டுவரக்கூடும்.

செய்ய வேண்டிய காரியங்களோ அதிகம் இல்லை. ரிமோட்டில் செட்டிங்ஸைத் திறந்து, சப்போர்ட் அல்லது அபௌட் என்ற பகுதியில் சாஃப்ட்வேர் அப்டேட்டைத் தேடி, தானாகவே அப்டேட் ஆகும்படி வைத்துவிடுங்கள். இங்கே மின்சாரம் அடிக்கடி போவதாலும், சிக்னல் நலிந்திருப்பதாலும், அப்டேட் பாதியில் நின்றுவிடுவது உண்டு; மழை இல்லாத இரவில், இணைப்பு நன்றாயிருக்கும்போது ஒருமுறை கையாலேயே சோதிப்பது நல்லது. டிவியில் ‘அன்னோன் சோர்சஸ்’ அனுமதியையும் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் உள்ள யுஎஸ்பி டீபக்கிங்கையும் அணைத்து வையுங்கள், படம் பார்ப்பவருக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. ரௌட்டரைப் பொருத்த வந்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரௌட்டரின் உள்ளமைப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு வேறு என்பதை மறவாதீர்கள். இரண்டையும் மாற்ற வேண்டும். மாற்றாத பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டே, 2016-இல் மிராய் என்ற தீநிரல் கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் பிடித்து, அந்த அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை ஒரு நாள் முடக்கியது. யூபிஎன்பியை அணைத்துவிடலாம். பெரும்பாலான ரௌட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனி வைஃபை வைக்க வசதி உண்டு. டிவியை அதிலே சேர்த்துவிட்டு, வங்கிக் காரியம் செய்யும் கைப்பேசியையும் கம்ப்யூட்டரையும் மற்றதிலே வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது சற்றுச் சிரமமாகும்; அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஹோம்ஸ்டே நடத்துவோர் ஒரு விஷயத்தில் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விருந்தினர் தம் கணக்கை உங்கள் டிவியில் பதிந்துவிட்டு மறந்து போகிறார்கள்; அடுத்து வருகிறவர் அவர்களுடைய சந்தாவையும், சில சமயம் புகைப்படங்களையும் காண்கிறார். அறையைக் கூட்டித் துடைக்கும்போதே அந்தக் கணக்குகளை நீக்கிவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை விருந்தினர் அறையின் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள்.

அப்டேட் வருவது நின்றுபோன பழைய ஸ்மார்ட் டிவியை என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். தூக்கி எறிய வேண்டிய அவசியமே இல்லை. வைஃபை அமைப்பில் ‘ஃபர்கெட்’ என்பதை அழுத்தி இணையத்திலிருந்து பிரித்துவிட்டால், அது டிடிஹெச்சுக்கும் கேபிளுக்கும் உரிய நல்ல திரையாக இன்னும் பல வருஷம் உழைக்கும். படச் சந்தாக்கள் வேண்டுமானால், தெரிந்த நிறுவனத்தின் சான்று பெற்ற சிறு ஸ்டிக் ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். இன்னொன்று: திரையில் ‘உங்கள் டிவியில் வைரஸ் இருக்கிறது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று தோன்றினால், அந்த எண்ணை ஒருபோதும் அழைக்க வேண்டாம். எச்சரிக்கை வேடத்தில் வருகிற மோசடி அது. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். மத்திய சர்க்காரின் செர்ட்-இன் என்னும் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு 2017 பிப்ரவரியில் ஏற்படுத்திய சைபர் ஸ்வச்சதா கேந்திராவில் இத்தகைய தீநிரல்களைப் பற்றிய செய்திகளும் இலவசக் கருவிகளும் கிடைக்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலாது. இத்தனை பொறுப்பையும் வீட்டில் உள்ளவர் தலையில் சுமத்துவது தர்மமாகுமா? 2004-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் செர்ட்-இன், குறைபாடுகளைப் பற்றிய அறிவிப்புகளை இடைவிடாமல் வெளியிட்டுவருகிறது. அந்தப் பணி பாராட்டத்தக்கது. ஆனால் அக்குறிப்புகள் ஆங்கிலத்தில், கம்ப்யூட்டர் நிர்வாகிகளுக்கு ஏற்ற நடையில் இருக்கின்றன. குன்னூர்ச் சந்தைக்குச் சென்று டிவி வாங்குகிறவரிடம் அவை வந்து சேர்வதில்லை. மேலும், டிவி பத்து வருஷம் உழைக்கும் என்று எண்ணி வாங்குகிறோம். மென்பொருள் ஆதரவோ அவ்வளவு காலம் வருவதற்கு உறுதி இல்லை. 2024-இல் சாம்சங் தன் புதிய மாடல்கள் சிலவற்றுக்கு ஏழு ஆண்டும், எல்ஜி ஐந்து ஆண்டும் இயங்குதள மேம்பாடு தருவதாக அறிவித்தன. இது நல்ல தொடக்கம். கடைக்காரரிடம் கேட்டால் அவருக்கே தெரியாத மலிவுப் பெட்டிகளின் கதி என்ன?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், எல்லோருக்கும் ஒரே மாதிரியான எளிய பாஸ்வேர்டோடு சாதனங்களை விற்பதைத் தடை செய்கிறது. பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை கிடைக்கும் என்பதை வாங்குபவருக்கு அறிவிக்கும்படி உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்துகிறது. இதே நோக்கமுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்திலுள்ள முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகின்றன. நம் நாட்டிலும் தொலைத்தொடர்புத் துறையின் பொறியியல் மையம் 2021 ஆகஸ்டில், வீட்டுச் சாதனங்களின் பாதுகாப்புக்கென்று 13 வழிகாட்டு நெறிகள் கொண்ட ஒரு நடைமுறைத் தொகுப்பை வெளியிட்டது. பொதுப் பாஸ்வேர்டு கூடாது, குறைபாட்டைத் தெரிவிக்க ஒரு வழி இருக்க வேண்டும், மென்பொருளை இடைவிடாது புதுப்பிக்க வேண்டும் என்பவை அதன் முதல் நெறிகள். வேண்டியவை அனைத்தும் அதிலே எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கட்டாயமாக்குவதுதான் பாக்கி.

ஆகவே சபையோரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்டைப்பெட்டியின் மேல் அதிகபட்ச சில்லறை விலையும் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சிடப்பட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அவற்றின் பக்கத்திலேயே, இந்த டிவிக்குப் பாதுகாப்பு அப்டேட் இந்த வருஷம் வரை வரும் என்ற ஒரு வரியையும் அச்சிட வேண்டும் என்றும், செர்ட்-இன் வெளியிடும் அறிவிப்புகளில் வீட்டுச் சாதனங்களைப் பற்றியவற்றைத் தமிழில் எளிய நடையில் எழுதி ஊராட்சி அலுவலகங்களுக்கும் நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்றும், சான்றில்லாத டிவி பாக்ஸ்கள் விற்கப்படுவதைத் தடுக்க வேண்டும் என்றும் இக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்றி, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திற்கும், தொலைத்தொடர்புத் துறைக்கும், மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும் அனுப்பிவைக்க வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தைத் தலைவர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் திருத்தம் சொல்ல விரும்புவோர் இப்போதே எழுந்து சொல்லலாம்.